அபிநயாவுக்கு ஆறாம் வகுப்பு

22.5.2025, வியாழன்

ரேஷனில் பாமாயில் மட்டும்தான். பருப்பு இல்லையாம். வந்திருக்கும், நான் போவதற்குள் இல்லாமல் ஆகியிருக்கும். எடை போடுகிறவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அபிநயாவின் இடது செருப்பு வார் அறுந்துவிட்டது. பேத்தி இடது காலைத் தரையோடு இழுத்து நடப்பதால் எப்போதும் இடதுதான் முதலில் போகும். ஊசி நூலால் நானே தைத்தேன். அஞ்சாவது முடித்துவிட்டாள். ஆறாவதுக்குப் பஸ்ஸில் மூன்று நிறுத்தம் தாண்டிப் போக வேண்டும். நான் கூடப் போய்க் கூட வர வேண்டும். போகிறேன், வேறு என்ன வேலை.

27.5.2025, செவ்வாய்

சின்னப் பள்ளிக்கூடத்தில் டி.சி. கொடுத்தார்கள். கூடவே ஒரு பழுப்பு உறை, வாயைப் பசை போட்டு ஒட்டியது. "ஆயா, இத அப்டியே பெரிய ஸ்கூல்ல குடுத்துருங்க, பிரிக்காதீங்க" என்றாள் அந்த டீச்சர்.

பிரிக்கக் கூடாத காகிதத்தில் நல்ல சேதி இருந்து நான் பார்த்ததில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பேர் மட்டும் தெரிந்தது. நாலாவது வரை படித்தவளுக்கு அவ்வளவுதான் தெரியும் என்று நினைத்துத்தான் கொடுத்திருக்கிறாள்.

2.6.2025, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லக் கூடாது.

காலை ஒன்பதே முக்கால். ஹெட்மாஸ்டர் அறை. நீலக் கோடு போட்ட சட்டை, மேசை மேல் பாதி குடித்த டீ. உறையைக் கிழித்தார், உள்ளே இருந்ததைப் படித்தார், அபிநயாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு பேசியது எல்லாம் என்னிடம்தான். அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது.

"இந்தப் பொண்ணுக்கு இங்க சரிப்படாதும்மா. கள்ளக்குறிச்சியில இதுங்களுக்குன்னே தனி ஸ்கூல் இருக்குது. வேன் வரும். சாப்பாடு உண்டு. நீங்களும் அலைய வேணாம்."

"அஞ்சாவது வரிக்கும் ஊரு ஸ்கூல்லதான சார் படிச்சிருக்கா."

"அஞ்சாவது வரிக்கும் யாரையும் நிறுத்த மாட்டாங்கம்மா. இதப் பாருங்க. மிதமான அறிவுசார் குறைபாடு, எழுபத்தஞ்சு சதவீதம். டாக்டர் எழுதனது, நான் எழுதல. எனக்கு ரிசல்ட்டு முக்கியம்."

ஊனமுற்றோர் முகாமில் எழுதிய சீட்டு அது. அந்த முகாமுக்கு நாங்கள் போனது அவள் காலுக்காக. 2023 ஆகஸ்ட் ஒன்பது, புதன்கிழமை. கால் டாக்டர் அன்றைக்கு வரவில்லை, அடுத்த தரம் பார்க்கலாம் என்றார்கள். வேறு ஒரு டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் போய் அரை மணி நேரம் வைத்திருந்தார். பிறகு தபாலில் அட்டை வந்தது. எல்லாம் இங்கிலீஷ். காலுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று ரெண்டு வருஷமாக இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"சேக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க சார்."

"எழுத்துல எல்லாம் ஒண்ணும் குடுக்க முடியாதும்மா." சிரித்தார். பக்கத்துப் பல் ஒன்று தங்கம்.

பீரோ ஓரத்தில் ஏஞ்சலின் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். மணலூர்பேட்டைக்காரி. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு என்று பள்ளி பள்ளியாகச் சுற்றுகிற டீச்சர். எங்களை அந்த முகாமுக்குக் கூட்டிப் போனவளும் அவள்தான். போனைப் பார்த்தபடியே நின்றாள், தலையைத் தூக்கவில்லை.

ஏன் தூக்கவில்லை? தனிப் பள்ளிக்கு ஆள் சேர்த்து விட்டால் அவளுக்கு என்ன கிடைக்கும்? விசாரிக்க வேண்டும்.

பஸ்ஸில் அபிநயா கேட்டாள். அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும், நடுவில் மூச்சு வாங்கும். "ஆயா. நான். இன்னா பண்ணேன்?"

3.6.2025, செவ்வாய்

ஏஞ்சலின் டீச்சர் இன்று பஸ்ஸில் என்னைப் பார்த்ததும் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள். எழுதி வைக்கிறேன்.

6.6.2025, வெள்ளி

திருப்பூரிலிருந்து வளர்மதி போன் செய்தாள். பெற்ற மகள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா.

"அம்மா, வேன் வருதுன்னா அனுப்பேன்மா. ஒனக்கும் முட்டி வலி. எத்தினி நாளைக்கு அவளத் தாங்கிக்கினு பஸ் ஏறுவ?"

"அறிவு இல்லாத புள்ளன்னு எழுதி இருக்கான்டி."

"அப்டி இல்லன்னு நமக்குத் தெரியும் இல்ல."

"நமக்குத் தெரிஞ்சி? நாம இன்னா ஹெட்மாஸ்டரா?"

இந்தப் பிள்ளைக்கா அறிவு இல்லை? கச்சிராயபாளையத்துக்கு எந்தெந்த நேரம் பஸ் என்று கண்டக்டர் அவளைக் கேட்கிறான். போன வருஷம் பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி எங்களிடம் வாங்கிப் போன அரிவாள்மனை இன்னும் வரவில்லை என்பதை அவள்தான் எனக்கு ஞாபகப்படுத்தினாள். எனக்கே ஞாபகப்படுத்தினாள்.

வளர்மதி பேசும்போது பின்னால் ஒரு ஆம்பிளை இருமல் கேட்டது. அந்த ஆள்தான். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். வேன் யோசனை அவன் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

9.6.2025, திங்கள்

கலெக்டர் ஆபீஸ், மனு கொடுக்கிற நாள். ஏகக் கூட்டம். வேப்ப மரத்தடியில் மூன்று சக்கர ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி ஒரு பெண் எல்லோருக்கும் மனு எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு காலும் போலியோ. தங்கமணி என்று பேர். நாற்பது வயது இருக்கும்.

"சொல்லுங்க ஆயா, பேரு?"

"எதுக்கு?"

"மனுவுல எழுதத்தான்."

"இதுக்கு ஒனக்கு இன்னா கூலி?"

"ஒரு டீ."

"ஒரு டீக்கு யாரும் இவ்ளோ எழுத மாட்டாங்க."

"அப்ப ரெண்டு டீ." சிரிக்காமல் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள்தான் சிரித்தார்கள்.

பேர் சொன்னேன். செங்கம்மாள். நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவளிடம், "எம் பேத்தி அந்த மாதிரிப் புள்ளைங்க மாதிரி கெடையாதும்மா, அத நல்லா எழுது" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தாள். "எந்த மாதிரி?"

நான் டீக்கடைப் பக்கம் பார்த்தேன்.

"ஆயா, என்னயும் அந்த மாதிரின்னுதான் மூணாவதுல வெளிய அனுப்பனாங்க. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. ஒங்க பேத்திக்கு நெஜமாவே புத்தி கம்மின்னாலும் அவரு சேத்துக்கினுதான் ஆவணும். ரெண்டாயிரத்துப் பதினாறுல வந்த மாற்றுத்திறனாளிங்க சட்டம். பதினாறாவது பிரிவு, பாகுபாடு பாக்காம சேக்கணும். முப்பத்தொண்ணு, பக்கத்துப் பள்ளிக்கூடமா தனிப் பள்ளிக்கூடமான்றது நம்ம விருப்பம். தனி ஸ்கூலுக்குப் போறது தப்பு இல்ல. போன்னு அவரு சொல்றதுதான் தப்பு."

"அந்தச் சீட்டு பொய்."

"அதுக்குத் தனி மனு. மறுபடி பரிசோதனை பண்ணச் சொல்லி. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

ரெண்டு மனு எழுதினாள். ரெண்டு டீ வாங்கிக் கொடுத்தேன். ஒன்றை எனக்கே கொடுத்துவிட்டாள். எதற்காக இதைச் செய்கிறாள் என்று இன்னும் பிடிபடவில்லை. பதினாறு, முப்பத்தொண்ணு. மறக்க மாட்டேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

12.6.2025, வியாழன்

பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போவதை அபிநயா ஜன்னல் ஓரம் நின்று பார்க்கிறாள். கேட்டால் கோழியைப் பார்க்கிறேன் என்கிறாள்.

17.6.2025, செவ்வாய்

ஏஞ்சலின் டீச்சர் வீட்டுக்கே வந்தாள். தண்ணீர் கொடுக்கவில்லை.

"ஆயா, எம் மேல கோவமா இருப்பீங்க."

"இல்லியே. முன் சீட்டு வசதியா இருந்துச்சா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வருமாம். இருக்கலாம்.

"நான் வருஷா வருஷம் புதுசா ஆர்டர் வாங்கற ஆளு ஆயா. ஹெட்மாஸ்டருக்கு எதுரா பேசனா அடுத்த வருஷம் எனக்கு வேல இல்ல. ஆனா இது ஒங்க கையில இருக்கணும்." ஒரு ஜெராக்ஸ் தாளை வைத்தாள். அந்த முகாமில் டாக்டர் அபிநயாவிடம் கேட்ட கேள்விகளும் அவள் சொன்ன பதிலும். பெற்றவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டியதாம், யாரும் கேட்பதில்லையாம்.

"நீங்க கேட்டீங்கன்னு நான் எழுதிக்கிறேன்" என்றாள்.

நான் எங்கே கேட்டேன்? கேட்காததைக் கேட்டதாக எழுதுகிறவள் வேறு என்னவெல்லாம் எழுதியிருப்பாள்? அவள் போகும் வரை தாளைத் தொடவில்லை.

போன பிறகு படித்தேன். தமிழில்தான் இருந்தது. உன் பேர் என்ன: சொல்கிறாள். அப்பா பேர்: பதில் இல்லை. அப்பா என்ன வேலை செய்கிறார்: பதில் இல்லை. வீட்டில் எத்தனை பேர்: பதில் இல்லை. இது என்ன நிறம்: பதில் இல்லை. எட்டில் மூன்று போனால்: பதில் இல்லை. கீழே வரை இதேதான். கடைசியில் ஒரு வரி: மிட்டாய் கொடுத்தும் வாங்க மறுக்கிறாள், கண்ணைப் பார்ப்பதில்லை.

எட்டில் மூன்று போனால் தெரியாதாமே! ரெண்டாவது படிக்கும்போதே கணக்கில் என்னை மடக்கியவள். இது பொய்த் தாள். டாக்டரும் டீச்சரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டது. தங்கமணியிடம் காட்டி ரெண்டு பேர் மேலும் கேஸ் போடச் சொல்வேன்.

18.6.2025, புதன்

காலையில் அபிநயாவை உட்கார வைத்துத் தாளைப் படித்துக் காட்டினேன். "இத அவங்களே எழுதிக்கினாங்கதான? நீ பதில் சொன்ன இல்ல?"

"இல்ல ஆயா. சொல்லல."

"ஏன்டி சொல்லல?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீதான. சொன்ன."

"நான் இன்னா சொன்னேன்?"

அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை குறையவில்லை. நான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேனாம், அவளுக்கு அஞ்சு வயசாம். காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு யாராவது வந்து அப்பன் பேரைக் கேட்டால் வாயைத் திறக்காதே. அதுக்கு அப்புறம் அவர்கள் என்ன கேட்டாலும் பேசாதே. சிரித்துப் பேசினாலும் பேசாதே. மிட்டாய் கொடுத்தாலும் வாங்காதே.

"குடுத்தாங்க ஆயா. செவப்பு முட்டாய். நான். வாங்கல."

பெருமையாகச் சொன்னாள்.

19.6.2025, வியாழன்

இன்று யார் பேரை எழுதுவது?

20.6.2025, வெள்ளி

எழுதத்தான் வேண்டும். அடுத்தவர் செய்ததை எல்லாம் தேதி போட்டு எழுதுகிறவள் இதையும் எழுத வேண்டும்.

அப்போது மலைமேல் இருந்தோம். வளர்மதி ஏழு மாசம். அந்த ஆள், அவள் புருஷன், ஏஜென்ட் கூப்பிட்டான் என்று ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போனான். போகாதே என்று நானும் சொன்னேன், அவளும் சொன்னாள். போனவன் பிடிபட்டு உள்ளே போய்விட்டான். 2014 அக்டோபர் இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை, மழை. அவளுக்கு வலி எடுத்தது. ஜீப் வராது, டோலி கட்டித்தான் ரோட்டுக்குத் தூக்க வேண்டும். மூன்று ஆம்பிளைதான் கிடைத்தார்கள். நாலாவது தோள் நான். வழுக்கி வழுக்கி இறங்கி, ரோட்டுக்கு வருவதற்குள்ளேயே பிள்ளை பிறந்துவிட்டது. அழவில்லை. ரொம்ப நேரம் அழவில்லை. அவன் இருந்திருந்தால் நான் பிடித்த முனையை அவன் பிடித்திருப்பான். நான் சறுக்கிய இடத்தில் அவன் சறுக்கியிருக்க மாட்டான்.

அன்றையிலிருந்து அவன் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று வைத்தேன். ரெண்டு வருஷம் கழித்து வெளியே வந்தான், வளர்மதி அவனோடு திருப்பூர் போனாள். வாசல்படி ஏறக் கூடாது என்றேன். இன்று வரை ஏறவில்லை.

அபிநயாவுக்கு அஞ்சு வயசாகும்போது காகிதம் பேனாவோடு நாலு பேர் வந்து ஊர்ப் பிள்ளைகளிடம் சிரித்துச் சிரித்து அப்பன் பேரைக் கேட்டார்கள். மேல்வீட்டுப் பிள்ளை ஒன்று சொல்லிவிட்டது. மறுநாள் அதன் அப்பனை மரம் வெட்டிய கேஸில் போலீஸ் கூட்டிப் போனது. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு எல்லோரும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தோம். நான் மட்டுமில்லை.

ஆனால் மற்றவர்கள் பயத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் கோபத்திலும் சேர்த்துச் சொன்னேன். கீழே இறங்கி வந்து நாலு வருஷம் ஆகியும் இனிமேல் சொல்லலாம் என்று அவளிடம் சொல்லவில்லை.

ரெண்டு வருஷமாக இடுப்பில் வைத்துச் சுமந்த அட்டையை எழுத வைத்தது நானா?

23.6.2025, திங்கள்

மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரணை. ஒரு மேடம். தங்கமணியும் கூட வந்தாள். ஹெட்மாஸ்டர் சந்தன நிறச் சட்டை.

"நான் எங்க மறுத்தேன் மேடம்? ஒரு அட்வைஸ்தான் சொன்னேன்."

தங்கமணி மெதுவாக, "அட்வைஸ் சொன்னவரு அட்மிஷன் ஃபாரத்த ஏன் சார் குடுக்கல?" என்றாள்.

மேடம் என்னைக் கேட்டார். ஒன்பதே முக்காலிலிருந்து ஆரம்பித்தேன். உறையைக் கிழித்தது, பாதி டீ, இதுங்களுக்குன்னே தனி ஸ்கூல், எழுத்துல ஒண்ணும் குடுக்க முடியாது. மேடம் எழுதிக்கொண்டே வந்தார். ஹெட்மாஸ்டர், "வயசானவங்க, ஏதோ நெனச்சிக்கினு பேசறாங்க" என்றார்.

"அப்ப பக்கத்துல யாரு இருந்தாங்க?"

"ஏஞ்சலின் டீச்சர்" என்றேன். இவள் எங்கே சொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

மேடம் அப்போதே போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்து, நான் சொன்னதைப் படித்துக் காட்டினார். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு, "ஆமா மேடம். அவங்க சொன்ன மாதிரிதான் சொன்னாரு. நான் இருந்தேன்."

ஹெட்மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் தங்கமணி கேட்டாள், "அந்தத் தாள எடுத்தாந்தீங்களா ஆயா? ஏன் புள்ள பதில் சொல்லலன்னு தெரிஞ்சிதா?"

"இல்ல" என்றேன். பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. வேறு எதுவும் கேட்கவும் இல்லை.

27.6.2025, வெள்ளி

தபாலில் உத்தரவு வந்தது. சேர்த்துக்கொள்ள வேண்டுமாம், சான்றிதழைக் காரணம் சொல்லக் கூடாதாம். மூன்று தரம் படித்தேன். புதுச் சான்றிதழுக்குக் காத்திருக்கவே இல்லை. அறிவு இல்லாத பிள்ளை என்கிற அட்டை இருக்கும்போதே சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

தங்கமணி ரெண்டையும் போட்டுக் குழப்பாதே என்றது இதைத்தான்.

1.7.2025, செவ்வாய்

நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் மறு பரிசோதனை. சாயங்காலம் அபிநயாவைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு டாக்டரு கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்."

"அப்பா பேரு. கேட்டா?"

"அதுக்கும்."

சந்தேகமாகப் பார்த்தாள். "நீ. என்னய டெஸ்ட் பண்ற."

"இல்லடி."

"போன தரம். மாமாவ. அவங்க கேக்கற மாதிரி. கேக்க சொல்லி. டெஸ்ட் பண்ண. நான் சொல்லல. நீ. பணியாரம் குடுத்த."

செய்திருக்கிறேன். 2020 கார்த்திகையில். ஊரில் மாமா முறை ஆன ஒருவனை நானே கேட்க வைத்து, அவள் வாயை மூடிக்கொண்டதும் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

"ஒனக்குப் பேரு தெரியுமா?"

"தெரியும். அம்மா போன்ல. அப்பாகிட்ட. பேசி இருக்கேன்." எனக்குத் தெரியாமல் அது வேறா. "நீ. மொதல்ல சொல்லு. அப்ப. நான் சொல்றேன்."

அடுப்பைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். என் வாயே எனக்கு ஒத்துழைக்கவில்லை. அந்த ஆள், அவன், ஒங்கப்பன் என்றே சொல்லிப் பழகிய நாக்கு. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளை எப்போதும் பார்ப்பது மாதிரி.

சொன்னேன். வெற்றிசெல்வன்.

"சரி" என்றாள். கோழியை அடைக்கப் போய்விட்டாள்.

2.7.2025, புதன்

என்னை உள்ளே விடவில்லை. ஏன் என்று கேட்டேன். இந்தப் பரிசோதனைக்குக் கூட இருக்கக் கூடாதாம். முக்கால் மணி நேரம் வெளியே பெஞ்சில். கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன், நர்ஸ் திட்டினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லாக் கேள்வியும் எல்லாப் பதிலும் ஒப்பித்தாள். அவள் முடிப்பதற்குள் ஊரே வந்துவிட்டது. டாக்டர் முதல் கேள்வி கேட்டதும் இவள் திருப்பி, "இந்தப் பேப்பரு. யாருக்குப் போவும்?" என்று கேட்டாளாம். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாராம். யார் யாருக்குப் போகும் என்று பொறுமையாகச் சொன்னாராம். பிறகுதான் இவள் பேச ஆரம்பித்தாளாம்.

கால் டாக்டரும் பார்த்தார்.

8.7.2025, செவ்வாய்

நேற்றிலிருந்து பள்ளிக்கூடம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மற்றவர்கள் பெஞ்சில். இவளுக்கு மட்டும் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சேர்க்கச் சொன்னதற்குச் சேர்த்துவிட்டு, ஒதுக்கி வைக்க இது ஒரு வழியோ? ஹெட்மாஸ்டரைக் கேட்டேன். "வசதியா இருக்கட்டும்னுதாம்மா" என்றார். யார் வசதிக்கு?

16.7.2025, புதன்

புதுச் சான்றிதழ். மூளை முடக்குவாதம், இடது கையும் காலும். அறிவுசார் குறைபாடு இல்லை என்று தனியாக ஒரு வரி. பழைய அட்டையை என்ன செய்வது என்று கேட்டேன், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்துவிட்டேன்.

அணைமேட்டு மணிமொழியின் அம்மா பஸ் ஸ்டாப்பில் கேட்டாள். அவள் பெண்ணுக்கு நிஜமாகவே புத்தி வளர்ச்சி குறைவு, வீட்டிலேயே இருக்கிறாள். "ஒங்க பேத்திக்கு அறிவு இருக்குதுன்னு எழுதிட்டாங்க, சேத்துக்கினாங்க. எம் பொண்ணுக்கு இன்னா வழி?"

"சேத்துக்கினது மொதல்ல. அறிவு இருக்குதுன்னு எழுதனது அப்புறம்" என்றேன். பிரிவு நம்பர் ரெண்டும் சொன்னேன். திங்கட்கிழமை யாரைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

போன மாதம் மணிமொழியைத்தான் மனதில் வைத்து 'அந்த மாதிரி' என்றேன். யாரையோ நினைத்துத்தான் சொன்னேன் என்று தங்கமணிக்குத் தெரிந்திருக்கும்.

22.7.2025, செவ்வாய்

நாற்காலி போய்விட்டது. ஏஞ்சலின் டீச்சர் வந்து மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார வைத்துக் காலுக்கு ஒரு கட்டை போட்டிருக்கிறார். வழியில் பார்த்தேன். "தண்ணி குடிக்கிறீங்களா டீச்சர்?" என்று கேட்டேன். அவருக்குப் புரிந்தது.

3.8.2025, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வளர்மதி வந்தாள். புளிய மரத்தடியில் ஒரு ஆள் பையோடு நின்றுகொண்டிருந்தான், வீட்டைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி. தலை நரைத்துவிட்டது. முப்பத்தாறு வயசுதான்.

உள்ளே வரச் சொல்லவில்லை. அபிநயாவிடம் டீ கொடுத்து அனுப்பினேன். காலை இழுத்து நடப்பதில் பாதி சிந்தும் என்று டம்ளர் நிறைய ஊற்றினேன்.

19.8.2025, செவ்வாய்

அபிநயா வந்ததும் முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன். கணக்கு டீச்சர் திட்டிவிட்டாராம். வீட்டுக் கணக்கு செய்யாததற்கு எழுந்து நிற்க வைத்தாராம், மணி அடிக்கும் வரை.

கால் வராத பிள்ளையை நிற்க வைத்தாளா? செருப்பை மாட்டிக்கொண்டேன். பஸ் இருக்கிறதா என்று கூடப் பார்த்தேன்.

"ஒன்ன மட்டுமா நிக்க வெச்சா?"

"இல்ல ஆயா. பதினோரு பேரு. நான் பெஞ்ச. புடிச்சிக்கினேன்."

"மத்த பத்துப் பேரையும் திட்டனாளா?"

"அவங்களத்தான். ஜாஸ்தி. திட்டனாங்க."

"நீ ஏன் கணக்கு செய்யல?"

"மறந்துட்டேன்."

இந்த வீட்டில் யாரும் எதையும் மறந்ததில்லை. பொய். பார்வையிலேயே தெரிகிறது. நேற்று சாயங்காலம் முழுக்க வகுப்பில் கூடப் படிக்கிற ரெண்டு பெண்களோடு வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் சொல்லுகிற பொய்தான்.

செருப்பைக் கழற்றி வைத்தேன்.

டீச்சர் பேரைக் கேட்டேன். சொன்னாள். இங்கே எழுதவில்லை.